நான் பாஸ் ஆனதால் வந்த வினை

1

போன வருடம் இதே பிப்ரவரியில், எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று இங்கிலாந்து அரசாங்கம் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நல்ல செய்தியாகப் படலாம். எனக்கு வயிறு எரிந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில், ஆவடி சேக்காட்டில் இருந்தபோதே என் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. முடக்குவாதம் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன், வெளிநாடு வந்தேன், பிள்ளை பெற்றேன், வேலைக்குப் போனேன். வாதமும் கூடவே வந்து மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாகக் குடியேறிவிட்டது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மடங்கினால் விரியாது. ரவிக்கை ஊக்கு மாட்டிவிட என் கணவர் செல்வம் வர வேண்டும். அவரோ ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். சில நாள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்.

எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கார். இங்கே உடல் இயலாதவர்களுக்கு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. நடமாட்டம் மிகவும் சிரமம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகைக்கு ஈடாக நம் உடம்புக்குத் தக்கபடி மாற்றியமைத்த காரே எடுத்துக்கொள்ளலாம். இருக்கை வெளிப்பக்கம் திரும்பி நம்மை இறக்கிவிடும். பிரேக்கைக் கையால் தள்ளலாம். ஸ்டியரிங்கை உள்ளங்கையால் உருட்டினால் போதும். எங்கள் பழைய காரின் கிளட்சை என் இடது முழங்கால் மிதிக்க மறுத்த அன்றே நான் வண்டி ஓட்டுவது நின்றுபோனது. அதோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் எடுத்துவந்த வகுப்பும் நின்றது. இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்து, கைப்பிடியைப் பிடிக்க முடியாமல் எப்படிப் போவது?

நான் வீட்டில் அடைந்து கிடக்கிற ஆள் இல்லை. அந்தக் காலத்தில் ஸ்கூட்டியை எடுத்தேன் என்றால் சேக்காட்டிலிருந்து பூந்தமல்லி டைப்ரைட்டிங் வகுப்புக்குப் பறப்பேன். பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். அப்படி இருந்தவளை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பூனை மதில் தாண்டுவதை வேடிக்கை பார்க்கச் சொன்னால் கோபம் வருமா வராதா? எனக்குப் பூனை மேலேயே கோபம் வந்தது.

2

அதனால் விண்ணப்பித்தோம். அசெஸ்மெண்டுக்கு, அதாவது என் உடல்நிலையை மதிப்பிட, ஒரு பெண் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது.

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நாம் என்ன செய்வோம்? கண்டதையெல்லாம் ஒதுக்கி வைப்போம். என் ஊன்றுகோல், உட்கார்ந்து குளிக்கிற பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்கட்டில் கட்டும் பட்டி, மூடி திறக்கிற இடுக்கி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் திணித்து, கதவு சாத்திக்கொள்ளாததால் செல்வம் முதுகைக் கொடுத்து அழுத்திச் சாத்தினார். எங்கள் மகள் யாழினி இங்கேயே பிறந்து வளர்ந்து கல்லூரியில் படிப்பவள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அவங்க பாக்க வர்றதே அதைத்தானே?"

"நீ சும்மா இரு. வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

முந்தின இரண்டு நாளும் நன்றாகப் படுத்து ஓய்வெடுத்திருந்தேன். அன்று காலையில் வலி மாத்திரையை வழக்கத்தைவிட முன்னதாகவே போட்டுக்கொண்டேன். யாழினி தலை பின்னிவிட்டாள். கஞ்சி போட்ட சுங்குடிப் புடவை. செல்வம் விடியற்காலையிலேயே எழுந்து மெதுவடை சுட்டு வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு தடபுடல் இல்லை.

வந்தவர் சின்னப் பெண். தங்கமான குணம். சமைக்க முடியுமா என்று கேட்டார். ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, அதுவும் புருஷனுக்கு முன்னால், உன்னால் சமைக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்று சொல்ல வாய் வருமா? "ஓ, பேஷா!" என்றேன். செல்வம் வடைத் தட்டை நீட்டி, "எல்லாம் என் மனைவி கைப்பக்குவம் சார்" என்றார். அந்தப் பெண்ணைத்தான் சார் என்றார். பதற்றம் வந்தால் அவருக்கு உலகத்தில் எல்லோருமே சார்தான். நடக்க முடியுமா என்றார் அந்தப் பெண். "மெதுவா நடப்பேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றேன். வலி எப்படி என்றார். "பழகிப்போச்சு" என்று சிரித்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து கடைசியில்தான். அவர் கிளம்பினார். வந்தவரை வாசலோடு அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? மிச்ச வடையை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, தோட்டத்தைத் தாண்டி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற அவருடைய கார் வரை கூடவே நடந்து போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். கார் தெருமுனை திரும்பும் வரை கையாட்டிக்கொண்டு வேறு நின்றேன்.

உள்ளே வந்து சோபாவில் விழுந்தவள்தான். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

பிறகு வந்தது அந்தக் கடிதம். விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார், மலர்ந்த முகத்துடன் இருந்தார், வீட்டில் தயாரித்த பலகாரம் கொடுத்தார், துணையின்றி வாகனம் வரை நடந்து வந்தார். ஆகவே உதவி கிடையாது. ஒரு வார்த்தை பொய் இல்லை, பாருங்கள். நடந்ததைத்தான் அந்தப் பெண் எழுதியிருந்தார். வடை நன்றாக இருந்தது என்பதை மட்டும்தான் எழுதவில்லை.

3

ஆற்றாமையில் சேக்காட்டுக்குப் போன் போட்டேன். அங்கே அண்ணன் வீட்டில் அப்பா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் எங்களை வளர்த்து, ஓய்வு பெற்றதும் சேக்காட்டில் வீடு கட்டியவர். இத்தனை வருடம் மெட்ராஸ் தண்ணீர் குடித்தும் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார்.

"அப்பா, எனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்கப்பா" என்றேன் அழாத குறையாக.

"ஏட்டி, அப்போ மெடிக்கல்ல பாஸா? சபாஷ்!"

அவர் குரலில் இருந்த குஷியைக் கேட்டதும்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. குற்றம் வடையிலோ சுங்குடிப் புடவையிலோ இல்லை. எங்கள் வீட்டில் மருத்துவப் பரிசோதனை என்பது பாஸ் ஆக வேண்டிய பரீட்சை. டாக்டர் என்பவர் நம்மை ஃபெயில் ஆக்கப் பார்க்கும் வாத்தியார்.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இருந்தபோதே பார்வை மட்டு. வருடா வருடம் கண் பரிசோதனை வரும். ஃபெயில் ஆனால் மெஷினிலிருந்து எடுத்து வேறு எங்காவது போட்டுவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும் என்று பயம். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை, கூட வேலை பார்ப்பவரிடம் எழுதி வாங்கி, மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பரிசோதனைக்கு முந்தின வாரம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து ஒப்பிப்பார். அண்ணனும் நானும் சரி பார்ப்போம். கடைசி வரி இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது: "இசட், டி, பி, எஃப், எச், ஓ." அந்த எழுத்துகளை அப்பா பலகையில் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பாஸ். பாஸ் ஆன அன்று சாயங்காலம் அல்வா வாங்கி வருவார்.

அந்த அல்வாவைத் தின்று வளர்ந்தவள் நான். டாக்டர் எப்படி இருக்கிறாய் என்றால் நல்லா இருக்கேன் என்றுதான் வரும். இங்கே இருக்கும் எங்கள் குடும்ப டாக்டரிடம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அத்தனை முறையும் முதல் கேள்விக்கு "நலம்" என்று சொல்லி, அவருடைய பிள்ளைகளையும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். அவரும் நலம் என்றே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு எதிராக நானே திரட்டி வைத்த மருத்துவ ஆதாரம் அது.

யாழினி சின்னவளாக இருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து, "அம்மா, எனக்கு இங்க ஒண்ணுமில்ல, ரொம்ப ஒண்ணுமில்ல" என்று அழுதாள். நான் முகம் சுளிக்கும்போதெல்லாம் என்னம்மா என்று கேட்பாள். ஒண்ணுமில்ல என்பேன். வலிக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

4

மேல்முறையீடு செய்யலாம் என்றாள் யாழினி. நூலகத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாளிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். தமிழில் அவளுக்குத் தடுமாற்றம் இருக்கலாம், இந்த ஊர் ஆபீஸ்களில் பேசுவதற்கு அவளுக்கு ஒரு தயக்கமும் கிடையாது. அந்த விஷயத்தில் அவள் என் மகளே இல்லை, அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன்.

அந்த அம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். வியாதியின் பெயரை வைத்து ஒன்றும் ஆகாது. அதே வியாதியோடு மலை ஏறுகிறவரும் இருக்கிறார், படுக்கையில் கிடக்கிறவரும் இருக்கிறார். உங்களால் எது முடியவில்லை, முடிந்தாலும் எப்படி முடிகிறது, அதைச் செய்த பிறகு என்ன ஆகிறது, இதை உங்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவர் எழுத வேண்டும். கூட இருந்து பார்க்கிறவர்களும் எழுதலாம். ஆனால் மருத்துவர் எழுத வேண்டுமென்றால் நீங்கள் முதலில் அவரிடம் வாயைத் திறக்க வேண்டும்.

"திறப்பேன்" என்று வாக்குக் கொடுத்தேன். இங்கே மூட்டு நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மேல்முறையீட்டு விசாரணைக்கும் மாதங்கள் ஆகும் என்றார்கள். அதற்குள் சேக்காட்டில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. டிக்கெட் முன்பே எடுத்திருந்தோம். விமானம் ஏறினோம்.

5

எங்கள் அண்ணி கஸ்தூரி அசல் பூந்தமல்லிக்காரி. திருநெல்வேலி மாமனாரோடு பல வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒட்டவில்லை. அண்ணியின் குரலுக்கு மைக் தேவையில்லை. ஆவடியில் மண்டபம், நாதஸ்வரம், மாலை மாற்றும்போது அண்ணன் வெட்கப்பட்டது, அதைப் பார்த்து அண்ணி "இன்னா, இப்பத்தான் மொத தபா கட்டிக்கிறா மாதிரி நிக்கிற?" என்று மேடையிலேயே கேட்டது என்று அந்த நாளே அமர்க்களம். நானும் பட்டுப் புடவை கட்டி, மேடை ஏறி, அட்சதை போட்டு, பந்தியில் எல்லோரையும் விசாரித்து, சிரித்துக்கொண்டே ஓடியாடினேன். மாத்திரை உபயம்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். எப்போதும் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கை கால் கொஞ்சம் விட்டுக்கொடுத்த பிறகுதான் வெளியே வருவேன். முந்தின ராத்திரி தாழ்ப்பாள் போட விரல் ஒத்துழைக்கவில்லை. அண்ணி காபியோடு உள்ளே வந்துவிட்டாள். நான் கட்டில் விளிம்பில் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி இது?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

அண்ணி காபியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. இத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. நான் காட்டியதில்லை.

"தெனிக்கும் இப்டித்தான் வீங்கிகீதா மல்லிகா?"

தலையாட்டினேன். பிறகு கடிதக் கதை, வடைக் கதை, வழியனுப்பிய கதை எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"உன்னிய மாதிரி லூசு உண்டா? கோலை ஒளிச்சு வெச்சிட்டு, வட சுட்டுக் குட்த்து, டாட்டா காட்டிட்டு வந்துகீற! எந்திரி. பூந்தமல்லி டாக்டரம்மாவாண்ட போலாம்."

"தலையாவது சீவிக்கிறேன் அண்ணி."

"சீவாத! அப்டியே வா."

நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்தி, என்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். மாத்திரையும் போட விடவில்லை. மெட்ரோ வேலைக்காகப் பூந்தமல்லிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முழங்கால் உயிரை வாங்கியது. நான் பல்லைக் கடித்தேன். "கத்துடி, யாரு கேக்கப்போறா?" என்றாள் அண்ணி. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "நீ கத்துக்கா, நான் பாட்டு சவுண்டு வெக்கிறேன்" என்றார். முதல் முறையாக "அம்மா!" என்று கத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா மூட்டு நிபுணர். அந்தக் காலத்தில் என் விரல்களை முதலில் பார்த்தவர் அவருடைய அப்பா. டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க நல்லா இருக்கீங்களா? அப்பா சௌக்கியமா?"

அவ்வளவுதான், அண்ணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நல்லா கீறாளாம்! டாக்டரம்மா, இவ சொல்றத எயுதாதீங்க. நான் சொல்றேன், எயுதிக்கங்க. கட்டில விட்டு எறங்க முடில. ஜாக்கெட்டு மாட்ட முடில. சொம்பத் தூக்குனா கீய போட்டுட்றா. நேத்து மண்டபத்துல சிரிச்சிகினு சுத்துனா, இன்னிக்கு இப்டிக் கீறா!"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சோதிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். ஒரு சட்டையைக் கொடுத்து பொத்தான் போடச் சொன்னார். மேசை மேலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்கச் சொன்னார். வராந்தாவில் நடக்க வைத்தார். கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து மூடியைத் திறக்கச் சொன்னார். விரலால் வரவில்லை. ஆனால் விடுவேனா? பாட்டிலை மார்போடு அணைத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திருகித் திறந்து, வெற்றியோடு அவரிடம் நீட்டினேன்.

டாக்டரம்மா அதை வாங்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"திறந்துட்டீங்க. பல்லால திறந்தீங்கன்னு எழுதிக்கறேன். இது பரீட்சை இல்லம்மா. நீங்க பாஸ் ஆகணும்னு இங்க யாரும் கேக்கல."

என்னவோ தெரியவில்லை, பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பிறகு அடக்கவும் விரும்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஊக்கு, சொம்பு, மாடிப்படி, கிளட்ச், கழிவறையிலிருந்து எழுந்திருக்கப் படும் பாடு. ஒரு நாள் நன்றாக இருந்தால் அடுத்த மூன்று நாளை அதற்கு விலையாகக் கொடுப்பது. சொல்லச் சொல்ல உடம்பு லேசானது.

அண்ணிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரெண்டு கையுமே வேலை செய்யாதுன்னு போட்ருங்க டாக்டரம்மா. காரு கெடைக்கணும்."

"செய்யுதே? சாப்பிடறாங்க, எழுதறாங்க. அதையும் போடுவேன். முடியறதை முடியும்னு எழுதினாத்தான் முடியாததை நம்புவாங்க."

அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வேலப்பன்சாவடிப் பக்கம் போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு மறுநாள் வந்தோம். இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. அதில் என்னைப் பற்றிப் பாராட்டாக ஒரு வரிகூட இல்லை. திரும்பும்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தி, அண்ணி மிளகாய் பஜ்ஜி வாங்கி, என் கையில் கொடுக்காமல் பிய்த்துப் பிய்த்து ஊட்டிவிட்டாள். மெட்ரோ தூண்களுக்கு நடுவே, அத்தனை பேர் பார்க்க, ஐம்பது வயதுக்காரி நான் ஆவென்று வாயைத் திறந்து வாங்கித் தின்றேன்.

6

திரும்பி வந்ததும் முதல் வேலையாக எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். பூந்தமல்லிக் கடிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். "நீங்கள் என்னிடம் இதையெல்லாம் சொன்னதே இல்லையே" என்றார். "நீங்கள் விருந்தாளியிடம் கேட்பதைப் போலக் கேட்டீர்கள், நானும் அப்படியே சொன்னேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, கணினியைத் தள்ளி வைத்து, என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, மறுபடி முதலிலிருந்து கேட்டார். சொன்னேன். அவரும் எழுதினார். கூட இருந்து பார்ப்பவர்கள் என்று செல்வமும் யாழினியும் ஆளுக்கொரு கடிதம் எழுதினார்கள். வடை சுட்டது யார் என்பதைச் செல்வம் தன் கடிதத்தின் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டார்.

விசாரணை அன்று ஊன்றுகோலை ஒளிக்கவில்லை. கையில் பட்டி கட்டிக்கொண்டேன். எதிரே மூன்று பேர். ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், இயலாமை பற்றி அனுபவம் உள்ள இன்னொருவர். பக்கத்தில் யாழினி. நடுவில் இருந்த நீதிபதி அம்மாள் அன்பாகத் தொடங்கினார்.

"இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. எங்கள் அப்பா, அவருடைய அல்வா, அந்தக் கடைசி வரி எல்லாம் சேர்ந்து உள்ளேயிருந்து தள்ளின. யாழினி மேசைக்கு அடியில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன்.

"நன்றாக இல்லை."

சொல்லிவிட்டு நானே பயந்துபோனேன். கூரை இடிந்து விழவில்லை. அந்த அம்மாள் தலையசைத்து, "சொல்லுங்கள்" என்றார்.

டாக்டர் பூந்தமல்லிக் கடிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். பல்லால் திறந்ததைப் படித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, உண்மைதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். எதெல்லாம் முடியும் என்று அதில் இருந்ததோ அதைப் பற்றியும் கேட்டார். முடியும் என்றேன். பிறகு நீதிபதி அந்தப் பழைய அறிக்கையை எடுத்தார்.

"கார் வரை நடந்து போய் வழியனுப்பினீர்கள் என்று இருக்கிறதே?"

"ஆமாம். வீட்டுக்கு வந்தவர். வாசலோடு அனுப்புவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அதற்கப்புறம் மூன்று நாள் கழிவறைக்குக்கூட என் மகள்தான் தாங்கிக்கொண்டு போனாள்."

மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். முடிவை அன்றே சொல்கிறோம், வெளியே காத்திருங்கள் என்று நீதிபதி அம்மாள் எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். என் கால் தானாக எழப் பார்த்தது. பெரியவர்கள் நிற்கும்போது உட்கார்ந்திருப்பதா? என் முழங்கால் முடியாது என்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்தே இருந்தேன். யாழினி வந்து தூக்கிவிட்ட பிறகுதான் எழுந்தேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். கிடைத்துவிட்டது. யாழினி அந்த அறையிலேயே குதித்தாள். வெளியே காத்திருந்த செல்வம், அறையை விட்டு வந்த அந்த மூவருக்கும் "தேங்க் யூ சார், தேங்க் யூ சார், தேங்க் யூ சார்" என்றார்.

7

கார் வந்து சில வாரம் ஆகிறது. சிவப்பு நிறம். இருக்கை திரும்பி என்னை ஏற்றிக்கொள்ளும்போது ராட்டினத்தில் உட்கார்ந்த குஷி வருகிறது. மறுபடி சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் என் தமிழைக் கேட்பதைவிட அந்த இருக்கை திரும்புவதைப் பார்க்கத்தான் வாசலில் காத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பூனையோடும் ராசியாகிவிட்டேன்.

அந்தக் கடிதம் வந்து இன்றோடு வருடம் ஒன்று ஆகிறதே என்று, வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே சேக்காட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தாள். என்னைப் பேசவே விடவில்லை.

"ஏ மல்லிகா, உங்கப்பா கதையக் கேளு! கண்ணு சுத்தமா தெரில, புரை கீதுன்னு எத்தினி வர்சமா சொல்றோம்? வர மாட்டேன்னாரா? நீ கெலிச்சதக் கேட்டதுலேர்ந்து ஒரே யோசனையா கீறாரேன்னு போன மாசம் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். அங்க கண்ணு டெஸ்ட் பண்ற பொண்ணு போர்டுல கடேசி வரியக் காட்டி, படிங்க தாத்தான்னுச்சு. இவரு கண்ணப் பொத்திகினு இசட், டி, பி, எஃப்னு கடகடன்னு சொல்றாரு. அந்தப் பொண்ணு முயிக்குது. போர்டுல கீறது தமிய் எயுத்து!"

நான் சிரித்த சிரிப்பில் ஹாரன் அழுந்திவிட்டது. வாசலில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்புறம் என்னாச்சு அண்ணி?"

"அப்பால இன்னா? கைய எடுத்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலம்மான்னு சொல்லிட்டாரு. ஆப்ரேஷன் ஆயி, நேத்துதான் பச்சக் கண்ணாடியக் கயட்டுனோம். இந்தா பேசு."

போன் கை மாறியது. அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. இமைக்காமல் என்னைப் பார்த்தார். இத்தனை வருடமாக வீடியோவில் அவர் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துத்தான் பேசுவார். இன்றைக்கு நேராக என் கண்ணைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன இம்புட்டு நரைச்சிட்டு?"

"எப்பவோ நரைச்சாச்சுப்பா."

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு போனை இன்னும் கிட்டே கொண்டுவந்து, "கையைக் காட்டு" என்றார். ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் காட்டினேன். கோணிப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எப்படிம்மா இருக்க?"

"காலையில விரல் மடங்கலப்பா. முழங்கால் வீங்கித்தான் இருக்கு. குளிர் வந்தா ராத்திரி தூக்கம் இல்ல" என்றேன். "ஆனா வண்டி ஓட்டிட்டுத்தான் வந்தேன். ரொம்ப சந்தோஷமா இருக்கேன்ப்பா."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, "ஏம்மா கஸ்தூரி, ஆரையாவது அனுப்பி அல்வா வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.